மஞ்சள் விற்ற காசில் பழைய கார்: எதை எடுப்பது?

மொடக்குறிச்சிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அக்கா மகனுக்கு இந்த வருஷம் மஞ்சளில் கொஞ்சம் காசு நின்றது. செலவு பண்ண ஆள் தேடிக்கொண்டிருந்தவன் போலப் போன மாதம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். “ஏனுங் மாமா, நாலு லட்சத்துக்குள்ள ஒரு பழைய காரு எடுத்து நாமளே தேத்தலாமுங்களா?” என்றான். வாங்குவதும் சரி, சரிசெய்வதும் சரி, எல்லாம் அந்த நாலுக்குள் அடங்கவேண்டும். இன்னொரு நிபந்தனையும் வைத்தான். “ஊருக்குள்ள வேற யாருகிட்டயும் இருக்கக் கூடாதுங். மண்டபத்து வாசல்ல நிறுத்துனா, இது என்ன வண்டின்னு நாலு பேரு கேக்கோணும்.”

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே ஒரு பிரீமியர் பத்மினிக் காரும் ஒரு சிபானி டால்ஃபின் காரும் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

அவன் நிபந்தனையிலேயே இரண்டு வண்டிகள் அடிபட்டுப் போகின்றன. அம்பாசிடர் 2014 வரை ஓட்டமாக வந்துகொண்டிருந்த வண்டி. மில் முதலாளி, பண்ணையார், எம்.எல்.ஏ. என்று வெள்ளை அம்பாசிடர் நிற்காத வாசல் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்ததில்லை. அதைப் பார்த்து யாரும் “என்ன வண்டி” என்று கேட்கப்போவதில்லை. பத்மினியும் அப்படித்தான். பியட் 1100-ஐ வைத்துப் பம்பாய் குர்லாவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கட்டினார்கள். பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்ந்தது 2023 அக்டோபரில்தான். இத்தனை டாக்ஸி ஓடியதால் சாமான் இன்றும் கிடைக்கிறது. முதல்முறை இறங்குகிறவனுக்கு அதைவிடப் பத்திரமான வண்டி இல்லை. ஆனால் கேமராக்காரர்கள் கல்யாணப் படம் பிடிக்க வாடகைக்கு எடுக்க ஆரம்பித்த பிறகு விலை ஏறிவிட்டது. அவன் கேட்டது வேறு.

மற்ற வண்டிகளுக்குப் போகும் முன், நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றை அவனுக்குச் சொன்னேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பார்கள். கொங்கு நாட்டில் அது தேவையில்லாத கவலை. பம்ப்செட்டும் மோட்டாரும் வார்க்கிற ஊர் கோயமுத்தூர். கணபதியிலோ சிங்காநல்லூரிலோ ஒரு சந்துக்குள் நுழைந்தால் லேத் சத்தம் கேட்காமல் வெளியே வர முடியாது. சிலிண்டருக்குப் போர் அடிப்பது, கிராங்க் கிரைண்டிங், ஹெட் பிளேனிங், இல்லாத புஷ்ஷைக் கடைந்து தருவது எல்லாம் இங்கே அன்றாட வேலை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் விட்டுத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர், மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கரிவர்தனின் ஊர். தகட்டு வேலைக்கும் பஞ்சமில்லை. கரூரில் பஸ் கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வண்டிக்கு ரிக் ஏற்றுகிறார்கள். துரு தின்ற தரையை வெட்டிப் புதுத் தகடு வைக்கத் தெரிந்த டிங்கர் நம்மிடம் இல்லையென்றால் வேறு யாரிடம் இருப்பான்?

இங்கே செய்ய முடியாதவை வேறு. வளைந்த முன்கண்ணாடி. கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங். பின்விளக்கின் சிவப்பு மூடி. பெயர் பொறித்த உலோக எழுத்து. இவற்றுக்கு அச்சு வேண்டும். ஒற்றை வண்டிக்காக யாரும் அச்சு செய்ய மாட்டார்கள். நான் டால்ஃபின் வாங்கியபோது இன்ஜின் வேலை மூன்றே வாரத்தில் முடிந்தது. ஓட்டிப் பார்க்கலாமென்று பல்லடம் ரோட்டில் போனபோது முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. அந்த ஒரு கண்ணாடிக்காக வண்டி பதினாலு மாதம் கட்டுத்தரையில் எருமைக்குப் பக்கத்தில் நின்றது. கடைசியில் அதே போல நின்றுபோன இன்னொரு டால்ஃபினை முழுசாக விலைக்கு வாங்கிக் கண்ணாடியைக் கழற்றினேன். என் வீட்டில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

அதனால் மாப்பிள்ளையிடம் சொன்னேன்: இன்ஜின் இல்லாத வண்டியைக்கூட வாங்கலாம், கண்ணாடி இல்லாத வண்டியை வாங்காதே. இந்தக் கணக்கை வைத்துத்தான் மற்ற வண்டிகளைப் பார்த்தோம்.

டால்ஃபினையே முதலில் எடுத்துக்கொள்ளலாம், அவனுக்கு அதன்மேல் ஒரு கண் இருந்தது. பெங்களூரில் சிபானி கம்பெனி 1982-ல் கொண்டுவந்த வண்டி; இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனுக்கு இந்தியப் பெயர். உடல் முழுக்க ஃபைபர், இரண்டே கதவு, 848 சி.சி. அலுமினிய இன்ஜின், பின்சக்கர ஓட்டம். காகிதம் மாதிரி எடை. ஓட்டினால் சிரிப்பு வரும். ஃபைபருக்குத் துரு பிடிக்காது என்று சொல்லித்தான் விற்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஃபைபரைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் இரும்பு. அது உள்ளுக்குள் கரைந்தால் வெளியே தெரியாது. அலுமினிய இன்ஜின் ஒருமுறை சூடேறிவிட்டால் ஹெட் வளைந்துவிடும். சித்திரை வெயிலில் காங்கயம் ரோட்டில் ஓட்டுகிறவன் ரேடியேட்டரை அடிக்கடி எட்டிப் பார்க்கவேண்டும். இது மண்டபத்து வாசலில் கட்டாயம் நாலு பேரைக் கேட்க வைக்கும். ஆனால் கண்ணாடிக் கதையை இப்போதுதான் சொன்னேன். முழுசாக, ஒரு விளக்குகூடக் குறையாமல் கிடைத்தால் மட்டும் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தோம்.

கான்டஸாவைப் பற்றி அவன் ஆசையாகப் பேசினான். எல்லாப் பையன்களும் அப்படித்தான். 1984-ல் வந்தது, இங்கிலாந்தின் வாக்ஸால் உடல். முதலில் அம்பாசிடரின் அதே 1489 சி.சி. இன்ஜினைப் போட்டு அந்தப் பெரிய உடலை இழுக்க வைத்தார்கள், பாவம். பிற்பாடு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தபிறகுதான் அது கார் மாதிரி ஓடியது. அந்த இசுசு வண்டிதான் எல்லாருக்கும் வேண்டும், அதனால் நம் பட்ஜெட்டில் வருவதெல்லாம் யாரோ டீசல் இன்ஜின் மாற்றி, பழைய சாமானை எடைக்குப் போட்டு, ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே விட்டுவைத்த வண்டிகள். ஆர்.டி.ஓ. ஆபீசில் அதை நேர்செய்யக் கிளம்பினால் வருஷம் ஓடிவிடும். வேண்டாம் என்றேன். முகம் வாடினான்.

ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று உண்டு, ரோவர் எஸ்.டி. 1-இன் அழகான உடலுக்குள் கிழட்டு இன்ஜின். 1985-இலிருந்து 88 வரை ஓடி நின்றது, கூடவே கம்பெனியும் நின்றது. சாமான் தேடியே ஆயுள் முடிந்துவிடும்.

மாருதி எஸ்.எஸ். 80, அதாவது 1983 டிசம்பரில் வந்த முதல் வடிவ 800, என் மனதில் இரண்டாம் இடம். 1986-ல் உருவம் மாறிவிட்டதால் இந்தப் பெட்டி வடிவம் ரொம்பக் குறைவு. அதன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜினின் வம்சம் பின்னால் வந்த 800-இலும் ஓடியதால் இன்ஜின் வேலை தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் கிடையாது. செலவு குறைவு, மைலேஜ் உண்டு, பெருந்துறைக்குப் போய்வர நம்பி எடுக்கலாம். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் அதை “பழைய மாருதி” என்றுதான் சொல்லும். கிட்ட வந்து பார்க்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மாப்பிள்ளை எதிர்பார்த்த மரியாதை அதில் இல்லை. எனக்கு மட்டும் என்றால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

பிரீமியர் 118 என்.ஈ. யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி. 1985-ல் வந்தபோது பணக்காரன் வண்டி. பியட் 124 உடல், அதற்குள் 1171 சி.சி. நிசான் இன்ஜின். நல்ல உழைப்பாளி இன்ஜின் அது. யாரும் தேடாததால் விலையும் இல்லை. அபூர்வம், மலிவு இரண்டும் சேர்ந்த ஒரே வண்டி என்று சொல்லலாம். ஆனால் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும் அதைப் பார்த்து, “என்ன வண்டி” என்று கேட்கிறவன் அடுத்து “எதுக்கு வாங்குனீங்” என்றும் கேட்பான். யாரும் விரும்பாத வண்டிக்கு யாரும் சாமான் பதுக்கியும் வைப்பதில்லை. காயலாங்கடைக்குப் போன 118-ஐ அங்கேயே நசுக்கிவிட்டார்கள்.

சரி, மிச்சம் ஒன்று. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

எங்கள் தாத்தா காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த வண்டி. 1961-இலிருந்து சென்னையில் கட்டினார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான், உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிகெலோட்டி. வாலில் சின்னதாக இரண்டு துடுப்பு, முன்னால் அகல முழித்த விளக்கு. பானட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பாதி முழுசும் முதலை வாய் மாதிரி முன்னால் மடிந்துவிடும். சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். இது ஒன்றே மண்டபத்து வாசலுக்குப் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது அழகு அல்ல. அந்தக் காலத்தில் மற்ற கார்களெல்லாம் உடலே சட்டமாக, ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது ஹெரால்டு தனிச் சேசிஸோடு வந்தது. முழுக்கூடு அடித்துத் தரும் தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், டிரையம்ப்காரர்கள் துண்டு துண்டாகத் தகடு அடித்து வாங்கிச் சேசிஸின்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அவர்களுடைய தொல்லை நமக்கு வரம். நாலு பேரும் ஒரு செயின் பிளாக்கும் இருந்தால் தோட்டத்துச் சாளையிலேயே உடலைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். சேசிஸை மட்டும் டெம்போவில் போட்டு வெல்டரிடம் அனுப்பலாம். அம்பாசிடரிலோ பத்மினியிலோ படிக்கு அடியில் துரு தின்றால் கூடே தொங்கிப்போகும். இதில் சேசிஸ் தாங்கிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டியது போல வரும் சின்னச் சட்டங்கள்தான் முதலில் இற்றுப்போகும்; உடல் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான துண்டின் கீழ்முனை ஒரு வெண்கலக் கட்டைக்குள் மரைபோட்டு இறங்கியிருக்கும். அதற்குக் கியர் ஆயில் விடவேண்டும் என்பது கம்பெனி சொன்னது. கிரீஸ் அடித்தே பழகிய நம் ஆட்கள் கிரீஸ் அடித்து விடுவார்கள். காலப்போக்கில் மரை காய்ந்து, துரு ஏறி, ஒருநாள் வளைவில் திரும்பும்போது துண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். வெண்கலக் கட்டையை லேத்தில் கடையலாம், முறியும் இரும்புத் துண்டை மட்டும் கடைந்து போடாதீர்கள். அது உயிர் விஷயம், புதுசாக வரவழைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினில் பார்க்கவேண்டியது ஒன்றுதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று ஃபேன்பெல்ட் ஓடும் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்கை இருப்பில் நிறுத்தும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை கழன்று விழுந்திருந்தால் கிராங்கும் பிளாக்கும் உரசிப் பாழாகியிருக்கும். இந்த இன்ஜினின் பரம்பரை நோய் அது.

அந்த இரும்புத் துண்டு, கதவு ரப்பர், முன்கண்ணாடி எல்லாம் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதுசாகக் கிடைக்கின்றன. அங்கே இந்த வண்டிக்கு அவ்வளவு பிரியர்கள். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் என் டால்ஃபினுக்குச் செத்த வண்டி ஒன்றை முழுசாக வாங்கியதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

இங்கே மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டான். “நாலு கதவு ஹெரால்டு இன்னும் அபூர்வமுங்களே?” உண்மை. 1968-ல் வந்த மார்க் 3 நாலு கதவு வண்டி இந்தியாவில் மட்டும் கட்டியது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பின்கதவும் அதன் ரப்பரும் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்குப் பின் அதே கம்பெனி கொண்டுவந்த கெஸல் காரும் அப்படியே. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். வேகமாக வளைத்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். சனங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று கெஸலில் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். ஓட்ட அது நல்லது, ஆனால் கண்ணுக்கு லட்சணம் குறைவு. இரண்டு கதவு வண்டிதான் சரி. பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி மடியில் இடிக்கும், அதை அக்காவிடம் அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

பேப்பர் வேலையிலும் ஹெரால்டுக்கு ஒரு வசதி. 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 2021-இலிருந்து தனிப் பதிவு இருக்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு, புதுப்பிக்க 5,000. ஹெரால்டு எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டது. கான்டஸாவுக்கும் 118-க்கும் இன்னும் காலம் ஆகவில்லை. ஆனால் அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் எடுக்கலாமே தவிர, தினம் சந்தைக்கு ஓட்டக் கூடாது. ஓட்டவேண்டுமென்றால் வழக்கம்போல ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் வழிதான்; 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025-ல் 10,000 ஆகிவிட்டது. விட்டுப்போன வருஷங்களுக்கு அபராதம் தனி. ஓனர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றும் படிவம் 31-உம் வேண்டும்; அண்ணன் தம்பிகள் நாலு பேர் கையெழுத்துப் போட வருவார்களா என்பதை விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும்.

எங்கே தேடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாளையாறு தாண்டி வரும் கேரள வண்டிகள் விலை சல்லிசாக இருக்கும், பெயிண்ட் பளபளக்கும். அடியில் காந்தத்தைத் துணி சுற்றி வைத்துப் பார்த்தால் ஒட்டாது. தகடு இருக்கவேண்டிய இடத்தில் பெயிண்டுக்கு அடியில் அப்பிய பட்டி மாவு இருக்கும். என் பத்மினி அப்படி வந்ததுதான். மழை மறைவில் கிடக்கும் காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் நின்ற வண்டி நூறு மடங்கு மேல். அங்கேயும் கட்டுத்தரைக்குள் நின்றதா, ஓட்டுக் கொட்டகையில் நின்றதா என்று பாருங்கள். மாட்டுக் கோமியத்தின் காரம் இரும்பைத் தின்னும். மாட்டுத் தீவனத் தட்டு அடுக்கிய போருக்குப் பக்கத்தில் நின்றால் எலி ஒயரைத் தின்றிருக்கும்.

நாலு லட்சத்தில் வண்டிக்கு ஒன்றரைக்கு மேல் போகாதே என்றேன். டிங்கரிங், பெயிண்டுக்குத்தான் பெரும்பகுதி போகும். பெட்ரோல் ஓஸ், பம்ப் டயாபிரம் எல்லாவற்றையும் முதல் நாளே மாற்றிவிடவேண்டும்; இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது.

போன வாரம் அவனே போன் பண்ணினான். தாராபுரம் ரோட்டில் ஒரு தோட்டத்தில் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று ஓட்டுக் கொட்டகைக்குள் நிற்கிறதாம். இன்ஜினை எப்போதோ கழற்றிக் கிணற்று மேட்டில் போட்டு, அதுவும் துருப்பிடித்துக் கட்டியாகிவிட்டதாம். “அதனால வேண்டாமுங்களா மாமா?” என்றான். கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆறும் இருக்கிறதாம், கீறல்கூட இல்லையாம். ஆர்.சி. பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரத்தோடு இருக்கிறது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் முன்பணம்.